செஞ்சோற்றுக் கடன் யாருக்கு?

நம் பள்ளிக்கூடங்களிலே எத்தனை முறை நடத்தினாலும் அலுப்புத் தட்டாத சொற்போர் ஒன்று உண்டு. ‘சிறந்தவன் கும்பகர்ணனா, விபீஷணனா?’ என்பதே அது. விபீஷணன் கட்சியில் பேசுகிற மாணவன் தர்மம், நியாயம் என்று எவ்வளவு அழகாக எடுத்துரைத்தாலும், கைதட்டல் என்னவோ கும்பகர்ணன் கட்சிக்குத்தான் கிடைக்கும். அண்ணன் செய்தது பிழை என்று கும்பகர்ணனுக்குத் தெரியும். சீதையை விட்டுவிடு என்று இராவணனிடம் அவன் இடித்துச் சொல்லவும் செய்தான். அண்ணன் கேட்கவில்லை. உண்ட சோற்றுக்குக் கடன் தீர்க்க வேண்டும் என்று சூலத்தை எடுத்துக்கொண்டு போர்க்களம் புகுந்து மாண்டான். இந்தக் கட்டம் வந்ததும் சபையில் பலர் கண்ணைத் துடைத்துக் கொள்வார்கள். கர்ணன் கதையும் இவ்வாறே. விசுவாசம் என்னும் குணத்தின்மேல் நமக்கு அவ்வளவு மோகம்!

காவியத்துக்கு இது சரிதான். குடியரசுக்குச் சரியா? ராஜாக்கள் காலம் போய், ஜனங்கள் வோட்டுப் போட்டு நாலு வருஷத்துக்கோ ஐந்து வருஷத்துக்கோ ஒரு ஜனாதிபதியை அமர்த்துகிற காலம் வந்திருக்கிறது. அந்த ஜனாதிபதி சட்டத்தை ஒதுக்கித் தள்ளிவிட்டுத் தாமே சக்கரவர்த்தியாகப் பார்த்தால், அவருக்குக் கீழே உத்தியோகம் பார்க்கிறவர்களும் அவருடைய கட்சியைச் சேர்ந்தவர்களும் கும்பகர்ணனைப் பின்பற்றலாமா? இதை வெறும் தர்க்கமாக ஆராய்வதைக் காட்டிலும், மெய்யாகவே நடந்த ஒரு சம்பவத்தைக் கொண்டு ஆராய்வது நல்லது. அது தென் கொரியா தேசத்தில் நடந்தது.

2024-ம் வருஷம் டிசம்பர் 3-ந் தேதி இரவு சுமார் பத்தரை மணி. சியோல் நகரத்து ஜனங்கள் படுக்கப் போகிற சமயம். ஜனாதிபதி யூன் சுக் யோல் டெலிவிஷனில் திடீரென்று தோன்றி, ராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்திருப்பதாக அறிவித்தார். வாசலில் யுத்தம் வந்துவிட்டதா? இல்லை. தெருவில் கலகமா? அதுவும் இல்லை. சட்டசபையில் எதிர்க்கட்சியாருக்குப் பெரும்பான்மை. அவர்கள் பட்ஜெட்டை வெட்டினார்கள். உத்தியோகஸ்தர்கள் பலர்மீது பதவி நீக்கத் தீர்மானங்கள் கொண்டு வந்தார்கள். அவர்களையெல்லாம் தேச விரோத சக்திகள் என்று வர்ணித்து, அவர்களிடமிருந்து சுதந்திரத்தைக் காப்பாற்றப் போவதாக ஜனாதிபதி சொன்னார். சுதந்திரத்தைப் பூட்டி வைக்கிறவர்கள் எல்லோருமே அதைக் காப்பாற்றுவதாகச் சொல்லித்தானே பூட்டுகிறார்கள்!

சற்று நேரத்துக்கெல்லாம் ராணுவச் சட்டத் தளபதியின் பெயரால் முதலாவது உத்தரவு வெளிவந்தது. சட்டசபை, ஸ்தல சபைகள், அரசியல் கட்சிகள் ஆகியவற்றின் நடவடிக்கைகள் யாவும் தடை செய்யப்பட்டன. பொதுக்கூட்டமும் ஊர்வலமும் கூடா. பத்திரிகைகள் ராணுவத்தின் கட்டுப்பாட்டில் இயங்க வேண்டும். பணியை விட்டு விலகியிருந்த டாக்டர்கள் 48 மணி நேரத்துக்குள் திரும்ப வேண்டும். மீறுகிறவர்களை வாரண்டு இல்லாமலே கைது செய்யலாம்.

கொரியர்களுக்கு இந்த வாசகங்கள் புதியவை அல்ல. 1961-ல் பார்க் சுங் ஹீ என்ற படைத் தலைவர் துப்பாக்கி முனையில் ஆட்சியைப் பிடித்தார். 1972-ல் அவரே ராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்து, சட்டசபையைக் கலைத்து, ஆயுள் முழுவதும் ஆளுவதற்கு வசதியாக அரசியல் சட்டத்தைத் திருத்திக் கொண்டார். 1979-ல் அவருடைய சொந்த உளவுப் பகுதித் தலைவரே அவரைச் சுட்டுக் கொன்றார். அந்தக் குழப்பத்தில் சுன் டூ ஹ்வான் என்ற மற்றொரு படைத் தலைவர் கிளம்பினார். 1980-ம் வருஷம் மே மாதத்தில் ராணுவச் சட்டம் தேசம் முழுவதும் விஸ்தரிக்கப்பட்டது. சட்டசபை கூடாதபடி சிப்பாய்கள் வாயிலை அடைத்தார்கள். எதிர்த்தெழுந்த குவாங்ஜு நகரத்து ஜனங்கள் சுடப்பட்டு மாண்டார்கள். அந்தத் துயரத்தை நாவலாக எழுதிய ஹான் காங் என்ற பெண்மணிக்குத்தான் 2024-ம் வருஷத்து இலக்கிய நோபெல் பரிசு கிடைத்தது.

1987-ம் வருஷம் ஜூன் மாதத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் வீதிக்கு வந்த பிறகே சர்வாதிகாரம் இறங்கி வந்தது. அவ்வருஷம் அக்டோபரில் ஜனங்களின் வோட்டால் புதிய அரசியல் சட்டம் நிறைவேறியது. ஒருவர் ஐந்து வருஷம், ஒரே தடவைதான் ஜனாதிபதியாக இருக்கலாம் என்று அது விதித்தது. ஜனாதிபதிக்கு ராணுவச் சட்டம் பிரகடனம் செய்யும் அதிகாரத்தை 77-வது ஷரத்துக் கொடுக்கிறது. கொடுத்துவிட்டு ஒரு கடிவாளமும் போடுகிறது: சட்டசபையின் மொத்த அங்கத்தினரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ராணுவச் சட்டத்தை நீக்கும்படி கேட்டால், ஜனாதிபதி நீக்கியே ஆக வேண்டும். அங்கத்தினர்கள் மொத்தம் 300 பேர். ஆகவே 151 பேர் ஓர் அறையில் கூடிக் கை தூக்கினால் போதும். அன்று இரவு நடந்ததெல்லாம் அந்த 151 பேர் உள்ளே போவதற்கும், போகாமல் தடுப்பதற்கும் நடந்த பந்தயமே.

போலீஸார் வாயில்களை அடைத்தார்கள். ஹெலிகாப்டர்களில் விசேஷப் படையினர் சட்டசபை மைதானத்தில் வந்து இறங்கினார்கள். அங்கத்தினர்களோ சுவர் ஏறிக் குதித்தார்கள். 67 வயதான சபாநாயகர் ஊ ஒன் ஷிக் வேலி ஏறிக் குதித்தார். ஊழியர்கள் மேஜை நாற்காலிகளைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து, தீயணைக்கும் கருவியால் சிப்பாய்களின் முகத்தில் புகையடித்தார்கள். வெளியே, நள்ளிரவுக் குளிரில், ஆயிரக்கணக்கான ஜனங்கள் வந்து ராணுவ வண்டிகளை மறித்தார்கள். சிப்பாய்கள் ஜன்னல்களை உடைத்துக் கட்டடத்துக்குள் புகுந்தபோது, உள்ளே தீர்மானம் ஓட்டுக்கு விடப்பட்டது. டிசம்பர் 4-ந் தேதி அதிகாலை ஒரு மணிக்கு 190 பேர் ஆதரவு. எதிர்ப்பு ஒருவரும் இல்லை. நாலரை மணி சுமாருக்கு ஜனாதிபதி ராணுவச் சட்டத்தை வாபஸ் வாங்கினார். ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு மேல் அந்தச் சாம்ராஜ்யம் நிலைக்கவில்லை.

நிற்க. இதைக் கேட்டவர்கள், “ஆகா, நல்ல அரசியல் சட்டம் இருந்தது, அது காப்பாற்றிவிட்டது” என்று சொல்லக்கூடும். ஆனால் காகிதத்தில் உள்ள ஷரத்து சுவர் ஏறிக் குதிக்காது, கதவுக்கு முட்டுக்கொடுக்காது. ஜனங்களின் வீரம் காப்பாற்றியது என்றால் அது பெரும்பாலும் மெய்தான். ஆனாலும் முழு மெய் அன்று. குவாங்ஜு ஜனங்களுக்கு வீரம் குறைவா? வித்தியாசம் வேறோர் இடத்திலும் இருந்தது. 1980-ல் உத்தரவு வந்தபோது சிப்பாய்கள் சுட்டார்கள். 2024-ல் சுடவில்லை. அங்கத்தினர்களை வெளியே இழுத்துப் போடும்படி ஜனாதிபதி தமக்கு உத்தரவிட்டார் என்று படைத் தலைவர் ஒருவர் பிற்பாடு சாட்சியம் அளித்தார். ஜனாதிபதி மறுத்தார், அரசியல் சட்ட நீதிமன்றம் சாட்சியத்தையே ஏற்றுக்கொண்டது. உத்தரவு வந்தும், உள்ளே புகுந்தவர்கள் தயங்கினார்கள், மெதுவாக நடந்தார்கள். சட்டசபை விரைந்து தீர்மானம் நிறைவேற்ற முடிந்ததற்கு, ஜனங்களின் எதிர்ப்பு ஒரு காரணம். சிப்பாய்களும் போலீஸாரும் உத்தரவை உற்சாகமில்லாமல் நிறைவேற்றியது மற்றொரு காரணம் என்று அந்த நீதிமன்றமே தன் தீர்ப்பில் சொல்லியிருக்கிறது.

இன்னும் ஒன்று. அந்த 190 பேரில் 18 பேர் ஜனாதிபதியின் சொந்தக் கட்சியைச் சேர்ந்தவர்கள். கட்சித் தலைவர் ஹான் டாங் ஹூனும் அன்றிரவே, ராணுவச் சட்டம் தவறு என்று பகிரங்கமாக அறிவித்தார்.

மறு கட்டத்தைப் பார்ப்போம். ராணுவச் சட்டத்தை நீக்கப் பாதிப்பேர் போதும். ஜனாதிபதியைப் பதவியிலிருந்து நிறுத்தி வைக்க மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 200 வோட்டு வேண்டும். எதிர்க்கட்சிகளின் பலம் 192. குறைவது எட்டே எட்டு! டிசம்பர் 7-ந் தேதி தீர்மானம் வந்தது. ஜனாதிபதியின் கட்சியார் கூட்டமாக எழுந்து வெளியே போனார்கள்; அவர்களில் மூன்று பேர் மட்டுமே வோட்டுப் போட்டார்கள். 195 வோட்டுகள் விழுந்தன. தீர்மானம் எண்ணப்படாமலே தோற்றது. ஒரு வாரம் தெருவெல்லாம் ஜனங்கள். டிசம்பர் 14-ந் தேதி மறுபடியும் வோட்டு. ஆதரவு 204, எதிர்ப்பு 85. குறைந்தது 12 பேர் சொந்தக் கட்சியிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பதைக் கணக்குப் பாடம் படிக்கிற பிள்ளையும் சொல்லிவிடும்.

அதன்பின் விஷயம் நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2025 ஏப்ரல் 4-ந் தேதி எட்டு நீதிபதிகளும் ஒரே அபிப்பிராயமாக யூனைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். அந்த எட்டுப் பேரில் அவரே நியமித்த நீதிபதியும் ஒருவர். ஜூன் 3-ந் தேதி தேர்தல் நடந்து வேறொருவர் ஜனாதிபதியானார். அந்நாட்டு அரசியல் சட்டப்படி, பதவியில் இருக்கும் ஜனாதிபதிமீது சாதாரணக் குற்ற வழக்குத் தொடர முடியாது. ராஜ்யத்துக்கு எதிரான கலகமும் தேசத் துரோகமும் மாத்திரம் விலக்கு. அந்த விலக்கின்படியே யூன்மீது 2025 ஜனவரியில் கலகக் குற்றம் சாட்டப்பட்டது.

கும்பகர்ணர்கள் அங்கே இல்லாமற் போகவில்லை. ஜனவரி 3-ந் தேதி அவரைக் கைது செய்ய அதிகாரிகள் வாரண்டுடன் போனபோது, ஜனாதிபதியின் மெய்க்காவலர்கள் வாகனங்களையும் தங்கள் உடம்புகளையுமே மதிலாக நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். ஜனவரி 15-ந் தேதி அதிகாரிகள் மறுபடி போனார்கள். இம்முறை மெய்க்காவலர்களில் பெரும்பாலோர் ஒதுங்கி நின்றார்கள், கைது நடந்தது. சட்டம் இரண்டு நாளும் ஒன்றுதான். வாரண்டும் ஒரே மாதிரிதான். நடுவிலே நின்ற மனிதர்களின் மனம் மாத்திரம் மாறியது.

இது கொரியாவுக்கு மட்டும் உரிய விசேஷம் அன்று. அமெரிக்காவில் ஜனாதிபதி நிக்ஸன் விழுந்த கதையும் இதுவே. 1972-ல் எதிர்க்கட்சியின் காரியாலயத்தில் திருட்டுத்தனமாகப் புகுந்தவர்கள் பிடிபட்டார்கள். அதை மூடி மறைக்க ஜனாதிபதி முயன்றதாகக் குற்றச்சாட்டு. விசாரிக்க நியமிக்கப்பட்ட வக்கீல், ஜனாதிபதியின் அறையில் பதிவான ஒலி நாடாக்களைக் கேட்டார். 1973 அக்டோபர் 20-ந் தேதி, அந்த வக்கீலை விலக்கும்படி தம் சட்ட மந்திரி ரிச்சர்ட்ஸனுக்கு நிக்ஸன் உத்தரவிட்டார். ரிச்சர்ட்ஸன் மறுத்து ராஜிநாமாச் செய்தார். அவருக்கு அடுத்தவரான ரக்கல்ஸ்ஹாஸும் மறுத்தார். மூன்றாமவர்தான் கையெழுத்துப் போட்டார். ஆனால் தேசம் கொதித்தெழுந்து, வேறொரு வக்கீல் வர நேர்ந்தது. 1974 ஜூலை 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட் எட்டு நீதிபதிகளின் ஒருமித்த தீர்ப்பால் நாடாக்களைக் கொடுக்கச் சொன்னது. அந்த எட்டுப் பேரில் மூவர் நிக்ஸன் நியமித்தவர்கள். தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி பர்கரும் அவர்களில் ஒருவர். கடைசியில் ஆகஸ்டு 7-ந் தேதி, நிக்ஸனுடைய கட்சிப் பெரியவர்கள் மூவர் அவரிடம் போய், சபையில் ஆதரவு இல்லை என்ற நிலைமையை எடுத்துச் சொன்னார்கள். இரண்டாம் நாள் அவர் பதவியை விட்டு இறங்கினார்.

இடித்துச் சொல்லும் துணை இல்லாத அரசன், கெடுக்கிற பகைவன் இல்லாவிட்டாலும் தானே கெடுவான் என்ற கருத்தை வள்ளுவர் சொல்லி எத்தனையோ நூற்றாண்டுகள் ஆயின. குடியரசில் அரசன் கெடுவதோடு விஷயம் நிற்பதில்லை. தேசமும் கூடக் கெடுகிறது. ஆகவே, இடித்துச் சொல்லிவிட்டுப் பிறகு அதே உத்தரவை நிறைவேற்றுகிற கும்பகர்ண விசுவாசம் குடியரசுக்குப் போதாது.

“ஆனால் உண்ட சோறு?” என்று கேட்பீர்கள். அந்தச் சோறு யாருடையது என்பதே என் கேள்வி. இலங்கையில் அரண்மனைச் சோறு இராவணனுடையது. கும்பகர்ணன் அவனுக்குக் கடன்பட்டான். ஆனால் மந்திரியின் சம்பளமும், சிப்பாயின் ரொட்டியும், நீதிபதியின் படியும் ஜனாதிபதியின் சொந்தப் பெட்டியிலிருந்தா வருகின்றன? ஜனாதிபதியே அந்தப் பெட்டியிலிருந்து சம்பளம் வாங்குகிற ஓர் ஊழியர். உப்பு விற்கிற கிழவியும் உழவனும் கொடுத்த வரிப்பணத்தில் வெந்த சோறு அது. அந்தச் செஞ்சோற்றுக் கடன் ஜனங்களுக்கே உரியது. அதை ஆளுகிறவர் காலடியில் கொண்டுபோய்த் தீர்ப்பது, கடன் கொடுத்தவர் ஒருவர் இருக்க வேறொருவருக்குப் பணம் கட்டுவது போன்றதுதான்.

இரண்டு ஆட்சேபங்களை நியாயமாகவே எதிர்பார்க்கிறேன். முதலாவது: ஒவ்வொரு சிப்பாயும் ‘இந்த உத்தரவு எனக்குப் பிடிக்கவில்லை’ என்று நின்றுவிட்டால் ராணுவம் என்னாவது? பிடிக்காத உத்தரவு வேறு, சட்டத்துக்குப் புறம்பான உத்தரவு வேறு. ஆளுகிறவரைக் கேள்வி கேட்பதற்கென்றே ஏற்பட்ட சபையை, நீதிமன்றத்தை, பத்திரிகையைப் பூட்டச் சொல்கிற உத்தரவா என்று பார்த்தால், பெரும்பாலும் பதில் தெரிந்துவிடும். இரண்டாவது ஆட்சேபம்: எதிர்க்கட்சியார் பகைமையால் நல்ல ஜனாதிபதியையும் கவிழ்த்துவிட மாட்டார்களா? முயல்வார்கள். 2004-ல் கொரியச் சட்டசபை ரோ மூ ஹ்யூன் என்ற ஜனாதிபதியை 193 வோட்டுகளால் நிறுத்தி வைத்தது. இரண்டு மாதத்தில் அரசியல் சட்ட நீதிமன்றம் அந்தக் குற்றம் பதவி நீக்கத்துக்குப் போதாது என்று சொல்லி அவரை மறுபடி நாற்காலியில் அமர்த்தியது. பெட்டிக்கு இரண்டு பூட்டு இருப்பது இதற்காகத்தான். இரண்டு சாவியும் ஒருவர் இடுப்பில் தொங்காதவரையில் பயமில்லை.

நம் தேசத்து விஷயமும் ஒரு வார்த்தை. இங்கே ஜனாதிபதி மந்திரி சபையின் யோசனைப்படி நடக்கிறவர். அதிகாரம் பிரதம மந்திரியிடம் இருக்கிறது. ஆனால் சோதனை நமக்கும் வந்திருக்கிறது. 1975 ஜூன் 25-ந் தேதி இரவு நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் ஜனாதிபதி கையெழுத்திட்டார். மந்திரி சபை மறுநாள் காலையில்தான் கூடி அதை ஒப்புக்கொண்டது. அந்த மந்திரிகளில் அறிவாளிகள் இல்லையா? தியாகிகள் இல்லையா? இருந்தார்கள். வேண்டாம் என்று எழுந்திருக்க ஆள்தான் இல்லை. 1976 ஏப்ரல் 28-ந் தேதி, நெருக்கடிக் காலத்தில் விசாரணையின்றிச் சிறைப்பட்டவன் கோர்ட்டில் முறையிட முடியாது என்று சுப்ரீம் கோர்ட் நீதிபதிகள் நால்வர் தீர்ப்பளித்தபோது, நீதிபதி கன்னா ஒருவர் மாத்திரம் மாறுபட்டு எழுதினார். அடுத்த வருஷம் அவருக்கு வரவேண்டிய தலைமை நீதிபதி ஸ்தானம் அவரைத் தாண்டி இளையவருக்குப் போயிற்று. அவர் ராஜிநாமாச் செய்தார். அந்த நால்வரின் தீர்ப்புத் தவறென்று 2017-ல் அதே கோர்ட் தள்ளிவிட்டது. கன்னாவின் கருத்தே இன்று நிற்கிறது.

ஆகவே வாசகர்களே, தேர்தல் காலத்தில் நம் வீட்டுத் திண்ணைக்கு வருகிற அபேட்சகர், தம் தலைவரிடம் தமக்குள்ள பக்தியை மணிக்கணக்கில் வர்ணிப்பார். பாலமும் ரஸ்தாவும் போட்டுத் தருவதாகச் சொல்வார். அவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “உங்கள் தலைவர் தவறான காரியம் செய்யச் சொன்னால், முடியாது என்று சொல்வீர்களா?” என்று. அதற்கு அவர் என்ன பதில் சொல்கிறார் என்பதைவிட, பதில் சொல்வதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்பதைக் கவனித்தால் போதும். ஜனநாயகத்தை யார் காப்பார் என்பது அப்போதே தெரிந்துவிடும்.